ஏழடிப் புல்வெட்டியும் மூடிய கிணறும்

மரம் நிறைந்த விளைக்கு எந்தப் புல்வெட்டி நல்லது என்று ஒருவர் ஷோரூமுக்குள் வந்து கேட்டால், நீங்கள் உடனே பளபளவென்ற அட்டையை எடுத்து அவர் கையில் கொடுக்கிறீர்கள். போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது கவனித்தேன். அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் உள்ள வயலில் ஒரு மரம்கூட இல்லை. அதை நீங்களும் கவனிக்கவில்லை, வாங்க வந்தவரும் கவனிக்கவில்லை.

திருச்செந்தூர் சாலையில் இருக்கிற இதே ஷோரூமில்தான் நான் ஓய்வு பெறும்வரை டிராக்டர் கருவிகள் விற்றேன். நாசரேத்தில் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்து ஆட்கள். மகளும் டீச்சராவாள் என்று இருந்தார்கள். நான் கணக்கு எழுத இங்கே வந்து, விற்க ஆள் இல்லாத ஒரு நாளில் விற்கத் தொடங்கி, அதிலேயே தங்கிவிட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். பயந்தாங்கொள்ளி அக்கா. பொய்யில்லை. எனக்குப் பல்லியைப் பார்த்தாலும் பயம், ரோட்டைக் கடக்கவும் பயம். இந்தத் தொழிலில் அது எனக்குச் சோறு போட்டது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

புல்வெட்டி என்று பொதுவாகச் சொல்கிறோம். டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, அடியில் கனத்த பிளேடு சுழல்கிற இரும்புத் தட்டை நாம் ஸ்லாஷர் என்கிறோம். மரம் வைத்த புஞ்சையை எங்கள் பக்கம் விளை என்பார்கள். சாத்தான்குளத்துப் பக்கம் முருங்கை விளை, மா விளை, தென்னை விளை எல்லாம் தேரி என்கிற செம்மணல் மேடுகளில் இருக்கின்றன. அங்கே மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் விட்டால் மரத்தின் மேல்வேர் அறுந்துவிடும், ஆடிக்காற்றில் மண்ணும் பறந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் உழுவதில்லை. புல்லை வெட்டி அப்படியே போட்டு விடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்தப் புல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஓரத்தில் பனை நிற்கிற விளையில் முதல் தடவை டெமோ காட்டியபோது, புல்லுக்குள் கிடந்த ஒரு பனங்கொட்டையில் பிளேடு அடித்தது. கொட்டை பாய்ந்து வந்து எங்கள் ஜீப்பின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், நான் கொஞ்ச நேரம் முன்னால் உட்கார்ந்திருந்த சீட்டில் விழுந்தது. நான் தண்ணீர் குடிக்கத்தான் இறங்கியிருந்தேன். அன்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அதற்குப் பிறகு விளையை நடந்து பார்க்காமல் நான் யாருக்கும் புல்வெட்டி விற்றதில்லை.

ஜெபாவும் அவள் அப்பா ஞானராஜ் அண்ணாச்சியும் வந்தது தை மாதம். மழை நன்றாகப் பெய்த வருஷம், விளையெல்லாம் இடுப்பளவு புல். ஜெபா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, குடும்பத்து முருங்கை விளையைப் பார்க்க வந்திருந்தாள். டிராக்டரைத் தானே ஓட்டுவாள். அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேனின் உச்சியில் பிடிமானமில்லாமல் நடந்த கதைகளைக் காப்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பயம் என்பது என்னவென்றே தெரியாத மனிதர் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தாலும் எனக்குப் பயம்தான்.

அவர் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஓர் ஊரில் பெரிய டிராக்டர், பின்னால் ஏழடி ஸ்லாஷர், பச்சைக் கம்பளத்தைச் சுருட்டுவது போலப் புல்லை வெட்டிக்கொண்டே போகிறது.

"இதுதான் தங்கச்சி வேணும். ரெண்டு நாள்ல முடிக்க வேலைய ஒரு நாள்ல முடிச்சிருவாளுல்லா எம்மவ."

"அண்ணாச்சி, மரத்துக்கு மரம் எவ்வளவு எடவெளி விட்டிருக்கிய?"

"அதெல்லாம் டிராக்டர் தாராளமாப் போவும்."

"டிராக்டர் போவும். ஏழடி போவுமா?"

"எம்மவ கைய நீங்க பாத்ததில்ல. ஊசியில நூலு கோக்க மாதிரி ஓட்டுவா."

ஜெபா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் மேனேஜருக்குப் பெரிய மெஷினை விற்க ஆசை. கோயம்புத்தூர்க்காரர், மரியாதையான மனிதர், ஆனால் மாசக் கடைசி, விற்பனைக் கணக்கு காட்ட வேண்டும். "டெமோ காட்டிப் பார்த்துடலாங்க, அவங்களே முடிவு பண்ணட்டும்" என்று முடித்துவிட்டார். டெமோவுக்கு ஷோரூம் டிராக்டரில் ஏழடியை மாட்டி, அதைக் காலையிலேயே அனுப்பி வைத்தார்கள்.

மேனேஜரோடு போய் இறங்கியதும் வழக்கம்போல ஒரு கம்பையும் சிவப்புத் துண்டையும் எடுத்துக்கொண்டு விளைக்குள் நடந்தேன். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், கருக்கு மட்டைகள், எவரோ விட்டுப்போன கம்பி. ஜெபாவும் கூட வந்து ஒவ்வொன்றையும் எடுத்து ஓரத்தில் போட்டாள். முருங்கை விளை முழுவதும் இப்படி நடந்து முடித்தோம். மேற்குக் கடைசியில் பனைகள் நிற்கிற இடம்வரை போகவில்லை. அங்கே இன்றைக்கு வெட்டப்போவதில்லை என்று ஜெபா சொன்னாள்.

ஏழடி ஸ்லாஷர் டிராக்டரின் சக்கரங்களைவிட இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜெபா ஓட்டத் தொடங்கினாள். அவள் கையில் குறை சொல்ல ஏதுமில்லை. நான் பார்த்தது அவள் கழுத்தை. ஒவ்வொரு மரத்தைத் தாண்டும்போதும் அவள் பின்னால் திரும்பி இந்த மூலை இடிக்கிறதா என்று பார்க்கிறாள், உடனே அந்தப் பக்கம் திரும்பி அடுத்த மூலையைப் பார்க்கிறாள், முன்னால் ஒரு கண் ஓட்டிவிட்டு மறுபடியும் பின்னால். மரம் நெருக்கமான விளை. வண்டி முன்னால் போய்க்கொண்டிருக்க, ஓட்டுகிறவள் பாதிக்கு மேல் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே நின்ற மாமரங்களில் ஒன்றின் கிளை அவள் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "சார், அந்தப் பொண்ணு முன்னால பாக்கல."

"பழகிடுமுங்க. புது மெஷின்தானே."

"பழகுனா இன்னும் வேகமாத்தான் பின்னால பாப்பா."

அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பயந்தாங்கொள்ளி அக்கா என்ற புன்னகை. எனக்கு அது பழக்கம்தான்.

நானும் அண்ணாச்சியும் மேனேஜரும் வரப்போர நிழலில் நின்றோம். ஜெபாவுக்கு மெஷின் கைக்கு வந்துவிட்டது. உற்சாகத்தில் கடைசி இரண்டு வரிசைகளையும் வெட்டிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ, மேற்கு நோக்கித் திருப்பினாள். அந்த வரிசை பனைகள் நிற்கிற பக்கம் போய் முடிகிறது. நான் சும்மாதான் அந்தப் பனைகளைப் பார்த்தேன். அரை வட்டமாக நின்றன. நடுவில் ஒரு மரம்கூட இல்லை, புல் மட்டும். அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கல்தூணின் தலை தெரிந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கமலைக்கல் அது. அந்தக் கல்லைக் கிணற்றங்கரையில் தவிர வேறெங்கும் நட மாட்டார்கள்.

"அண்ணாச்சி, அங்கன கெணறு கெடக்கா?"

"கெடந்துச்சி. எங்க அப்பா காலத்துலயே மூடியாச்சி."

"அப்ப பிரச்சினையில்லீங்க" என்றார் மேனேஜர்.

மூடியாச்சி என்ற வார்த்தை எனக்குள் இறங்குவதற்கு ஒரு நொடி ஆயிற்று. நம் ஊரில் பழைய கிணற்றை மண்ணைக் கொட்டி அடிவரை நிரப்பினால் தூர்த்தாயிற்று என்போம். மூடியாயிற்று என்றால் அதுவும் இருக்கலாம், வேறொன்றும் இருக்கலாம். மேனேஜர் ஊரில் மூடியது என்றால் தூர்த்ததுதான்.

"அண்ணாச்சி, மூடுனதா, தூத்ததா?"

அவர் டிராக்டர் போகிற திசையைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"தூத்ததில்ல. குறுக்க பனங்கட்டை போட்டு, ஓலை விரிச்சி, மேல மண்ணு போட்டாவ. நான் அப்ப சின்னப் பய."

பனங்கட்டை சீக்கிரம் உளுத்துப்போகாது. அதனால்தான் எல்லாரும் அதை நம்பி மறந்து போகிறார்கள். மேலே மண் இருக்கிறது, மண்ணில் புல் இருக்கிறது, ஆடு மேய்கிறது, ஆள் நடக்கிறார்கள். ஆளும் ஆடும் நடக்கிறதற்கும் டிராக்டர் ஏறுகிறதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரியப்போகிறது என்று நினைத்தேன். டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. ஜெபா பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே அவள் பின்னால் ஓடப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஸ்லாஷர் ஓடும்போது பின்னால் போகிறவன் செத்தான். கத்தியும் பயனில்லை, அவள் காதில் சத்தத்தடுப்பு மாட்டியிருந்தாள், நாங்கள்தான் மாட்டிவிட்டிருந்தோம். நான் இரண்டு வரிசை தள்ளி, மரங்களுக்கு இடையே ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படி ஓடியதை இப்போது நினைத்தால் யாரோ வேறொருத்தி ஓடியது போலிருக்கிறது. வண்டி மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் எனக்கு முன்னால் போகிறது. என் காலுக்கடியில் என்ன இருக்கிறதென்றும் எனக்குத் தெரியாது. மரத்துக்கு மரம் கை வைத்துக்கொண்டே போனேன். முருங்கை வேர் பிடித்து நிற்கிற இடத்தில் கிணறு இருக்காது என்ற ஒரே ஒரு நிச்சயம்தான் எனக்கு இருந்தது.

வண்டியை முந்தி, அவள் வருகிற வரிசையின் கடைசி முருங்கையைப் பிடித்துக்கொண்டு சிவப்புத் துண்டை வீசினேன். அவள் வலதுபக்கம் பின்னால் பார்த்தாள். இடதுபக்கம் பின்னால் பார்த்தாள். நான் வீசிக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வாயில் ஏசுவே ஏசுவே என்று மட்டும் வந்தது. முன்பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கிளட்ச்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தாள். வண்டி நின்றது.

நின்ற பிறகு முன்பக்க இடது சக்கரம் மெல்ல இறங்கியது. மண்ணுக்குள் புதைகிறபோது இப்படி இறங்காது. கீழே எங்கேயோ மரக்கட்டை ஒன்று நீளமாக முனகியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒரு கையால் காதில் இருந்ததைக் கழற்றினாள்.

இதற்குள் அண்ணாச்சியும் மேனேஜரும் நான் வந்த மரவரிசையிலேயே வந்து சேர்ந்திருந்தார்கள். அண்ணாச்சி, "ஏளா, குதிச்சிரு" என்றார்.

"குதிக்காத" என்றேன் நான். "கிளட்ச்சுல இருந்து கால எடுக்காத."

கியரில் நிற்கிற வண்டி. காலை எடுத்தால் முன்னால் ஒரு துள்ளு துள்ளும். அவள் குதித்து விழுகிற இடமும் அந்த மூடியின் மேலேதான் இருக்கலாம். மேனேஜர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஸ்லாஷரைத் தூக்கினா பின்பக்கம் கனம் ஏறி முன்பக்கம் லேசாகும். அப்படியே ரிவர்ஸ் எடுத்துடலாங்க." அவர் சொன்னது சரி. பாடப்புத்தகத்தில் எழுதியதுபோலச் சரி. பின்சக்கரம் நிற்கிற இடம் கெட்டித்தரையாக இருந்தால்.

"அண்ணாச்சி, கெணறு எவ்வளவு அகலம்?"

"தெரியலியே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கிழவர் ஆகிவிட்டிருந்தார்.

யாருக்குமே தெரியாது. விளிம்பு முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறதா, பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறதா? ரிவர்ஸ் எடுத்தால் வண்டி காப்பாற்றப்படலாம். எடுக்கிற உலுக்கலில் எல்லாம் சேர்ந்து கீழே போகவும் செய்யலாம். நான் மெஷினைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில், சரியான யோசனையும் தப்பான யோசனையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்போது யார் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

"வண்டி போனாப் போகட்டும் சார்" என்றேன். அவர் சரியென்று தலையசைத்தார். அதற்காக அவருக்கு நான் கடைசிவரை நன்றியோடிருந்தேன்.

ஜெபாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வா. பிரேக்கை விடாதே. பிளேடை நிறுத்துகிற லீவரைத் தள்ளு. பிரேக்கைப் பூட்டு. இஞ்சினை அணை. அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். கடைசியாக இஞ்சின் நின்றது.

அவள் வருவதற்கு ஒரே வழி பின்பக்கம். சீட்டைத் தாண்டி, ஸ்லாஷரின் இரும்புத் தட்டின் மேல் வந்து, அதன் நீட்டிய மூலையிலிருந்து பக்கத்து முருங்கையின் அடிக்குக் காலை வைக்க வேண்டும்; நான் மரத்துக்கு மரம் பிடித்தபடி அந்த முருங்கைக்கு நகர்ந்தேன். என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்த அதே நீட்டல் இப்போது அவளுக்குப் பாலமாக வேண்டியிருந்தது. ஆனால் இஞ்சினை அணைத்தாலும் பிளேடு உடனே நிற்காது. தட்டின் அடியில் அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கால் தவறினால் அதற்குள்தான். அதனால் அவள் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கீழே கட்டை முனகுகிறது, பிளேடு நிற்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயத்தை ஒளிப்பதில் எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. என் முகத்தைப் பார்த்தால் அவள் பயந்துவிடுவாள் என்று தெரிந்தும், பார்ப்பதற்கு அவளுக்கு வேறு முகம் இல்லை.

"அக்கா" என்றாள். "கீழ தண்ணி கெடக்குமா?"

"தெரியலம்மா."

"எனக்கு நீச்சல் தெரியாது."

அண்ணாச்சி என் பின்னால் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்பா இங்கனதான் நிக்கேன்" என்றார். "அப்பா இங்கனதான் நிக்கேன்."

பிளேடின் ஓசை குறைந்து, கரகரவென்று ஆகி, நின்றது. "இப்ப வா" என்றேன். அவள் சீட்டைத் தாண்டித் திரும்பினாள். அவள் உடல் பின்னால் நகர்ந்ததும் கீழே ஏதோ சடக்கென்றது. அப்படியே நின்றுவிட்டாள். வா என்று நான் கை நீட்டினேன். அவள் தட்டின் மேல் குனிந்து நான்கு காலில் வந்தாள். மூலைக்கு வந்ததும் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், மேனேஜர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், அண்ணாச்சி மரத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பிடித்தார். இழுத்தோம். எல்லாருமாக முருங்கை அடியில் விழுந்தோம்.

அண்ணாச்சி மகளைத் தொடவில்லை. புல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஜெபாதான் எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வண்டி போகவில்லை. ஜேசிபி வந்து, தொலைவிலிருந்து கம்பிவடம் கட்டிப் பின்பக்கமாக இழுத்தது. பின்சக்கரம் கெட்டித்தரையில்தான் நின்றிருந்தது, மேனேஜர் சொன்னதுதான் சரியாகப் போயிற்று. அவர் அதை ஒரு நாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. முன்சக்கரம் மேலே வந்ததும் அந்த இடத்தில் புல்லோடு மண் உள்ளே சரிந்தது. விழுகிற சத்தத்துக்கு எல்லாரும் காது கொடுத்தோம். சத்தம் வரக் காணோம். கல்லா கட்டையா தெரியவில்லை, வெகுநேரம் கழித்து என்று தோன்றும்படி, கீழே தண்ணீரில் விழுந்தது. எனக்கு இன்னும் சில ராத்திரிகளில் அந்த இடைவெளிதான் வருகிறது, சத்தம் வருவதில்லை.

பிறகு ஜெபா தனியாக ஷோரூமுக்கு வந்தாள். அப்பா டிராக்டரே வேண்டாம், விளையை விற்றுவிடலாம் என்று சொல்கிறாராம்.

"எனக்கு வேணும்க்கா. எத வாங்கணும், நீங்க சொல்லுங்க."

நான் அவளை வெளியே அழைத்துப் போய், மெஷின்களை விட்டுவிட்டு டிராக்டர் சக்கரங்களைக் காட்டினேன். இந்தச் சக்கரம் போகிற அகலத்துக்குள் அடங்குகிற ஸ்லாஷரை வாங்கு என்றேன். ஐந்தடி போதும். டிராக்டர் நுழைகிற இடத்தில் அதுவும் நுழையும், அதனால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கண் முன்னாலேயே இருக்கும். ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆகும், ஆகட்டும். மரத்தடிப் புல்லை வெட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில் நீளுகிற சின்ன வெட்டி ஒன்று இருக்கிறது, அது பின்னால் வாங்கலாம். டிராக்டரும் சின்னதாக இருக்கட்டும், மாங்கிளைக்கு அடியில் தலை இடிக்காமல் போகும்.

அவள் யோசித்துவிட்டு, "முதல்ல அத தூத்துட்டு வாங்குதேன்" என்றாள். வாரக்கணக்கில் லாரி லாரியாகக் கட்டட இடிசலும் செம்மண்ணும் கொட்டித் தூர்த்தாள். அதற்குப் பிறகுதான் பணம் கட்டினாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மெஷினைக் கொடுக்கப் போன அன்று ஜெபா சொன்னாள், "அக்கா, பக்கத்து விளை அண்ணாச்சியும் உங்க ஷோரூம்லதான் வாங்குனாவளாம், ஏழடி. அவுக விளையிலயும் பழைய கெணறு இருந்துச்சாம்." ஏழடி போனது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவர் விற்றது. நான் ஒருபோதும் அந்த விளைக்குள் போனதில்லை.

இரண்டு பேரும் வரப்பு தாண்டிப் போனோம். அந்த அண்ணாச்சி தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றிருந்தார், நல்ல மனிதர், எங்களைப் பார்த்ததும் இளநீர் வெட்டச் சொல்லி தோட்டத்துப் பக்கம் குரல் கொடுத்தார். கொட்டகைக்குள் ஏழடி ஸ்லாஷரோடு டிராக்டர். பக்கத்தில் கயிற்றுக் கட்டில் ஒன்று. அதில் சின்னப்பிள்ளையின் போர்வை மடித்து வைத்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க பழைய கெணறு?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ மூடியாச்சில்லா."

"மூடுனதா, தூத்ததா?"

அவர் சிரித்தார். "கட்டை போட்டு மூடுனதுதான். இப்ப அதுக்கு மேலதான கொட்டகை போட்டிருக்கேன். இங்கனதான் தரை நல்லா சமமா கெடக்கு. பேரப்பிள்ள மத்தியானம் இங்கனதான் படுத்துக்கிடுவான், குளுகுளுன்னு இருக்கும்." எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்களைத் தேற்றுவதற்காக, கொட்டகைக்குள் போய் டிராக்டர் பக்கத்தில் நின்று காலை ஓங்கித் தரையில் உதைத்துக் காட்டினார். "பாருங்க, கல்லு கணக்கா இருக்கு."

அன்று பிளேடு நிற்கும்வரை சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் ஜெபா. கொட்டகை ஓரத்தில் நின்ற புளியமரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே நீட்டினாள்.

"அண்ணாச்சி, எங்கையப் பிடிச்சிட்டு மெதுவா இந்தப் பக்கம் வாங்க" என்றாள். "பிள்ள எங்க இருக்கான்?"